பொதுத்துறைச் சம்பளமும் சிக்கன காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் மந்தம் என்று செய்தி வந்தால் போதும், சிங்கப்பூரில் எங்கள் அரசாங்க ஊழியர் சங்கக் கிளையின் வாட்ஸ்அப் குழு சூடாகிவிடும். மதியச் சாப்பாட்டு வரிசையிலும் அதே பேச்சுதான். போனஸ் வருமா, யாருக்கு வெட்டு, மேலே இருப்பவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, சங்கத்தின் அதிகாரபூர்வக் கருத்து அல்ல.

போனஸ் வரலைன்னா அதைச் சம்பள வெட்டுன்னு சொல்லலாமா? அடிப்படைச் சம்பளம் அப்படியேதானே இருக்கு?

பெயரில் வெட்டு இல்லை, பையில் வெட்டு. சிங்கப்பூரில் அரசாங்க ஊழியரின் ஆண்டு வருமானம் சில துண்டுகளாக இருக்கிறது: மாதச் சம்பளம், டிசம்பரில் வரும் 13ஆம் மாதத் தொகை, அப்புறம் ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் வரும் ஏவிசி, அதாவது பொருளாதாரத்தைப் பார்த்து ஏறி இறங்கும் போனஸ். தனிப்பட்ட செயல்திறன் போனஸ் இவற்றில் சேராது, அதைக் கடைசியில் பார்ப்போம். 2024இல் ஏவிசி நடு ஆண்டில் 0.45 மாதம், ஆண்டு இறுதியில் 1.05 மாதம், ஆக மொத்தம் ஒன்றரை மாதம். 2020இல் இரண்டு முறையும் பூஜ்யம்.

3,000 வெள்ளி வாங்குபவருக்கு ஒன்றரை மாதம் என்றால் 4,500. வயது 55க்குக் கீழ் என்றால் அதில் 900 உங்கள் பங்காக மசேநிதிக்கு, அதாவது மத்திய சேமநிதிக்குப் போகும், கையில் 3,600. அதோடு முதலாளி போடும் 17 விழுக்காடு, 765 வெள்ளி, தனியாக உங்கள் கணக்கில் சேரும். போனஸ் இல்லாத ஆண்டில் கையில் வர வேண்டியதும் போச்சு, மசேநிதிக்கு வர வேண்டியதும் போச்சு. இந்த இரண்டாவது நட்டத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

அப்போ 13ஆம் மாசமும் ஒருநாள் போயிடுமா?

2020இல்கூட அது வந்தது, சின்ன ஆறுதல். ஏவிசியையும் இதையும் சேர்த்து ‘டிசம்பர் போனஸ்’ என்று பேசுவதால்தான் குழப்பம். அறிவிப்பு வரும்போது எத்தனை மாதம் என்று மட்டும் பார்க்காமல், எந்தத் துண்டைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்படி ஏறி இறங்குற மாதிரி சம்பளத்தை யார் அமைச்சது? எங்களை யாரும் கேட்கலையே?

1985இல் வந்த மந்தத்தின் விளைவு இது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சம்பளம் வேகமாக ஏறியிருந்தது, இறக்கம் வந்தபோது குறைக்க வழியில்லை. அடிப்படைச் சம்பளத்தில் கை வைப்பது யாருக்கும் எளிதல்ல. அதனால் 1986 ஏப்ரலில் முதலாளிகளின் மசேநிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து ஒரே அடியாக 10 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். அரசாங்க ஊழியர், தனியார் ஊழியர் எல்லோருக்கும் அந்த அடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் சம்பளத்தில் ஒரு பகுதியை மாறும் பகுதியாக வைப்போம், நல்ல காலத்தில் கூடட்டும், கெட்ட காலத்தில் குறையட்டும் என்ற ஏற்பாடு பரவியது. தேசியச் சம்பள மன்றம் அதைத் தொடர்ந்து வலியுறுத்துகிறது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசும் அந்த மன்றம் 1972இல் அமைக்கப்பட்டது.

‘எங்களைக் கேட்கலையே’ என்பதற்குப் பதில்: போனஸ் அறிவிப்புக்கு முன் பொதுத்துறைத் தொழிற்சங்கங்களுடன் பேசுவது வழக்கம். உங்களை நேரில் கேட்கவில்லை, உங்கள் சங்கத்தைக் கேட்டார்கள். நீங்கள் உறுப்பினரா என்று இப்போது நான் கேட்க மாட்டேன்.

தனியார்ல வேலையே போகுது. உங்களுக்கு வேலை உத்தரவாதம் இருக்கு, அப்புறம் என்ன புலம்பல்?

வீட்டுக்கு வரும் மாமா மச்சான்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். 2020இல் ஊரே முடங்கிக் கிடந்தபோது மாதம் தவறாமல் சம்பளம் வந்தது பெரிய விஷயம், அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் அந்த உத்தரவாதத்துக்கு விலை இல்லாமல் இல்லை. சந்தைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் சம்பளம், சந்தையை முந்தாது, இதுதான் பொதுச் சேவையின் கொள்கை. தனியாரில் நல்ல காலத்தில் ஆறு மாதப் போனஸ் வாங்கிய அதே மாமா அப்போது எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டதை நான் மறக்கவில்லை. நல்ல காலத்தில் குறைவாக வாங்குவதும் கெட்ட காலத்தில் வேலை நிலைப்பதும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வாதம் செய்தால் அது வாதமாகாது, எங்கள் பக்கத்தில் இருந்து செய்தாலும் சரி.

எல்லாருக்கும் ஒரே சதவீதம் குறைச்சா அதுதானே நியாயம்? ஏன் மேலே அதிகம், கீழே கம்மி?

ஒரு கணக்கு போடுவோம். பேச்சுக்கு எல்லோருக்கும் மாதம் 10 விழுக்காடு வெட்டு என்று வையுங்கள். 2,200 வெள்ளி வாங்கும் அலுவலக உதவியாளர் 220 வெள்ளி இழக்கிறார். 11,000 வாங்கும் இயக்குநர் 1,100 இழக்கிறார். தாளில் இரண்டும் 10தான்.

இப்போது அந்த உதவியாளரின் வீட்டுக்குப் போங்கள். மசேநிதி பிடித்ததுபோக அவர் கையில் 1,760 வந்துகொண்டிருந்தது, வெட்டுக்குப் பின் 1,584. மின்சாரம், தண்ணீர், பிள்ளையின் பேருந்து அட்டை, அம்மாவின் மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம், இதில் எதையும் 10 விழுக்காடு குறைத்துக்கொள்ள முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை மசேநிதியிலிருந்து போகிறது என்றால் அங்கும் துண்டு விழும், அதைக் கையிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். இயக்குநர் என்ன செய்வார்? சேமிப்பைக் கொஞ்சம் குறைப்பார், ஜப்பான் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார். ஒருவர் சேமிப்பில் கை வைக்கிறார், மற்றவர் சாப்பாட்டில் கை வைக்கிறார். இதை ஒரே அளவுத் தியாகம் என்று என்னால் சொல்ல முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. 2020இல் தேசியச் சம்பள மன்றமே சம்பளக் குறைப்பு என்றால் நிர்வாகம் முன்னின்று காட்ட வேண்டும், குறைந்த சம்பளக்காரர்களுக்கு வேண்டுமானால் உயர்வை நிறுத்தி வையுங்கள், குறைக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது.

கீழ்மட்டத்துக்கு மட்டும் ஏதோ தனித் தொகை கொடுத்தாங்களாமே? அது போதுமா?

ஆமாம். 2020 நடு ஆண்டில் மிகக் கீழ்நிலைப் பணியாளர்களுக்கு 400 வெள்ளி, ஆண்டு இறுதியில் 1,200 வெள்ளி. மேலே சொன்ன 2,200 வெள்ளிக்காரருக்கு ஒன்றரை மாத ஏவிசி 3,300 வெள்ளி. 2018இல் ஒன்றரை மாதம்தான் கிடைத்தது, அதோடு ஒப்பிட்டால் 1,600 பாதிகூட இல்லை. 2019இல் இரண்டும் சேர்த்து 0.55 மாதம்தான், அதோடு ஒப்பிட்டால் அப்படி ஒன்றும் மோசமில்லை. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தொகை தாராளமாகவும் தெரியும், கஞ்சத்தனமாகவும் தெரியும். வாதம் செய்கிறவர்கள் தங்களுக்கு வசதியான ஆண்டைத்தான் எடுப்பார்கள், கவனம்.

விழுக்காட்டில் கொடுக்காமல் வெள்ளியில் கொடுத்ததை நான் வரவேற்கிறேன். 0.1 மாதம் கூட்டினால் மேலே இருப்பவருக்கு ஆயிரம், கீழே இருப்பவருக்கு இருநூற்றுச் சொச்சம். நேர்த் தொகையாகக் கொடுத்தால்தான் வேண்டியவரிடம் போய்ச் சேரும்.

அமைச்சர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

2020 பிப்ரவரியில் முதலில் ஒரு மாதச் சம்பளம் என்றார்கள், மார்ச்சில் அதை மூன்று மாதமாக்கினார்கள். உயர்நிலை அரசாங்க அதிகாரிகளுக்கு ஒரு மாதம் வரை. இது புதிதும் அல்ல. 2001 நவம்பரில் அமைச்சர்கள் 10 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள், சார்ஸ் வந்த 2003இல் இன்னொரு 10.

கணக்கு இப்படி. 2012இல் திருத்தப்பட்ட முறைப்படி தொடக்கநிலை அமைச்சரின் ஆண்டு வருமானம் 1.1 மில்லியன் வெள்ளி. அதிகம் சம்பாதிக்கும் 1,000 சிங்கப்பூரர்களின் நடுநிலை வருமானத்தை எடுத்து, அதில் 40 விழுக்காட்டைக் கழித்து வந்த தொகை அது. மாதம் 55,000, போனஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 மாதக் கணக்கு. மூன்று மாதம் என்றால் 165,000 வெள்ளி, ஆண்டு வருமானத்தில் 15 விழுக்காடு. ஏவிசி இல்லாமல் போன சாதாரண ஊழியர், ஒன்றரை மாதம் கிடைக்கும் ஆண்டோடு பார்த்தால், ஏறக்குறைய 10 விழுக்காடு இழக்கிறார். அமைச்சர்களுக்கும் அந்த ஏவிசி கிடையாது. அதுபோக அவர்களுடைய ‘தேசிய போனஸ்’ வேலையின்மை, பொருளாதார வளர்ச்சி, நடுநிலை வருமானம், கீழ்நிலையில் உள்ள 20 விழுக்காட்டினரின் வருமானம் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் வரும், கெட்ட ஆண்டில் அதுவும் சுருங்கும்.

என்ன இருந்தாலும் அது வெறும் காட்சிதானே? மில்லியன்ல இருந்து கொஞ்சம் போனா என்ன?

மிச்சமாகும் பணத்தைப் பார்த்தால் காட்சிதான். சில டஜன் பேர் மூன்று மாதச் சம்பளத்தை விட்டால் பட்ஜெட்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இந்தக் காட்சி இல்லாமல் கீழே இருப்பவனிடம் போய் ‘இந்த வருஷம் போனஸ் இல்லை, பொறுத்துக்கொள்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

என் குறை வேறு. மேலே வெட்டு என்றால் நாளிதழின் முதல் பக்கத்தில் வருகிறது, கீழே உள்ளவருக்கு 400 வெள்ளி என்பது உள்பக்கத்தில் வருகிறது. பேச்செல்லாம் முதல் பக்கத்தைப் பற்றியே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த 400 ஏன் 800 இல்லை என்று கேட்க ஆளில்லை.

கஜானாவுல இவ்வளவு காசு இருக்கே, அதை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே லா?

கடந்தகால நிதியிருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். 2009இல் முதல் முறையாக 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் கிடைத்தது, 2020இல் 52 பில்லியன் வரை. அந்தப் பணம் பெரும்பாலும் வேலைகளைக் காப்பாற்றவும் குடும்பங்களுக்கு உதவவும் போனது. தனியார் ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்ற வேலை ஆதரவுத் திட்டம் நினைவிருக்கும்.

அதே நேரத்தில் அந்த இருப்பை உடைத்து அரசாங்க ஊழியருக்குப் போனஸ் கொடுத்திருந்தால்? காப்பிக்கடையில் நாங்கள் தலைகாட்ட முடிந்திருக்காது. நானும் போனஸை இழந்தவன்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தாதியருக்கு மட்டும் சிறப்பு போனஸ், எங்களுக்குப் பூஜ்யம். நாங்களும்தானே வேலை செஞ்சோம்?

கொவிட் தொடங்கிய நேரத்தில், முன்னணியில் நின்ற சுகாதாரத்துறை அரசாங்க ஊழியர்களுக்கு ஒரு மாதம் வரை சிறப்பு போனஸ் அறிவித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பதினொரு மணி நேரம் முகக்கவசமும் அங்கியும் போட்டு நின்றவருக்கும் வீட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்தவருக்கும் ஒரே அளவு என்றால் அதுதான் அநியாயம்.

சிக்கல் எல்லையில்தான். யார் முன்னணி? வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் சோதனைக்குப் போனவர்கள், தொலைபேசியில் நாள் முழுக்கத் திட்டு வாங்கிய முகப்பு ஊழியர்கள், இவர்கள் எந்தப் பக்கம்? கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு அங்குலம் வெளியே ஒருவர் நிற்பார். கோடே வேண்டாம் என்பதைவிட, கோட்டை எப்படிப் போட்டார்கள் என்று விளக்கச் சொல்வது பயனுள்ள கோரிக்கை.

குறைச்சதைத் திருப்பித் தருவாங்களா, இல்லை போனது போனதுதானா?

எதைக் குறைத்தார்கள் என்பதைப் பொறுத்தது, இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். ஏவிசி போன்ற மாறும் பகுதி சீக்கிரம் திரும்புகிறது: 2020இல் பூஜ்யம், 2021 இறுதியில் ஒரு மாதம். இழந்த 2020 போனஸ் வராது, ஆனால் அடுத்த ஆண்டுகளின் அளவு குறையவில்லை.

நிரந்தரமானதில் கை வைத்தால் கதை வேறு. முன்பு சொன்ன மசேநிதி வெட்டையே பாருங்கள். முதலாளியின் பங்கு 25இலிருந்து 10க்குப் போய், மெல்ல ஏறி 1994இல் 20 ஆனது. ஆசிய நிதி நெருக்கடியில், 1999இல் மறுபடி 10. கொஞ்சம் ஏறியது, 2003இல் மறுபடி இறக்கம். இன்று 17. அந்த 25 திரும்பவே இல்லை, 20கூடத் திரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் சொல்வார்கள், சில சரியான காரணங்களும்கூட. ஆனால் ‘தற்காலிகம்’ என்று யாராவது சொன்னால் எந்தத் தேதியில், எந்த நிலையில் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய காலத்துல கருணை இருந்துச்சாமே? இப்போதான் இப்படி வெட்டுறாங்களாமே?

யார் சொன்னது! 1959இல் ஆட்சிக்கு வந்த கையோடு நிதியமைச்சர் கோ கெங் சுவீ பற்றாக்குறையை அடைக்க அரசாங்க ஊழியரின் படிகளை வெட்டினார். அமைச்சர்களும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மேல்நிலை ஊழியர்களுக்குத்தான் பெரிய அடி, கடும் எதிர்ப்பு கிளம்பியது, 1961இல் படிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. பல சங்கங்கள் இணைந்து அரசாங்க ஊழியருக்கான பெரிய சங்கம் உருவானதும் அதே 1959இல்தான். நம்மவர் ஜி. கந்தசாமி அதற்கு நீண்டகாலம் தலைமை தாங்கினார்.

ஊர்ல என் தம்பிக்கு அகவிலைப்படியை நிறுத்தினாங்க. நம்ம முறை அதைவிட மேலா?

கொவிட் காலத்தில் இந்திய அரசு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியை 17 விழுக்காட்டிலேயே நிறுத்தி வைத்தது, தமிழ்நாடும் அதே வழியில் போனது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரே தாவலாக 28க்கு ஏற்றியது, இடைக்கால நிலுவை மட்டும் கிடைக்கவில்லை. அங்கே விலைவாசிக்கு ஈடாக வரும் படி நின்றது, இங்கே பொருளாதாரம் நன்றாக இருந்தால் வரும் போனஸ் நின்றது. விலைவாசிக்கு ஈடு என்பது ஏற்கெனவே இழந்ததைத் தருவது. அதை நிறுத்துவது கூடுதல் வலி. ஆனால் இங்கே விலைவாசிக்கென்று தனியாக ஒரு படியே கிடையாது என்பதைத் தம்பியிடம் சொன்னால் அவர் சிரிப்பார்.

பட்ஜெட்டைக் குறைச்சா சம்பளம்தான் குறையணுமா? வேற வழியே இல்லையா?

இருக்கிறது, அது பல நேரம் சம்பள வெட்டைவிட மோசம். 2017 வரவுசெலவுத் திட்டத்தில் எல்லா அமைச்சுகளின் செலவு உச்சவரம்பையும் நிரந்தரமாக 2 விழுக்காடு குறைத்தார்கள். இதில் யாருடைய சம்பளச் சீட்டிலும் எதுவும் தெரியாது. ஆனால் வரம்பு இறுகும்போது ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். அவர் பார்த்த கோப்புகள் பக்கத்து மேசைக்கு வரும், பக்கத்து மேசைக்காரர் ஏழரை மணிக்கு வீட்டுக்குப் போவார். சம்பளம் அதே, வேலை ஒன்றரை மடங்கு. இதற்குச் செய்தியாளர் கூட்டமும் கிடையாது, ஈட்டுத் தொகையும் கிடையாது. வெளிப்படையான வெட்டு, அதுவும் தேதியோடு வரும் வெட்டு, இதைவிட நேர்மையானது என்பேன்.

எங்க மாடியைக் கூட்டுற அக்கா அரசாங்க ஊழியரா? அவங்களுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அதனால் மேலே சொன்ன 400, 1,200 எதுவும் அவரைத் தொடாது. துப்புரவுத் துறையில் 2014 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயம், 2020 முதல் ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது இரண்டு வாரச் சம்பளம் போனஸ் என்ற விதியும் வந்தது. ஆகவே அவர் சம்பளம் ஒரு அளவுக்குக் கீழே போகாது.

ஆனால் ஒப்பந்தத் தொகை இறுக்கப்பட்டால் ஆள் எண்ணிக்கை குறையும். முந்தைய கேள்வியில் சொன்ன அதே கதைதான், இவர் விஷயத்தில் இன்னும் கடுமையாக. எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடிக்கு ஒருவர் என்று இருந்தது மூன்று மாடிக்கு ஒருவர் ஆனது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் கையெழுத்துத் தாளைப் பாருங்கள்: நேர இடைவெளி அதே, எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து. பொதுத்துறைச் சிக்கனத்தின் நியாயம் பற்றிப் பேசும் கூட்டங்களில் இவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, எங்கள் சங்கக் கூட்டமும் விலக்கல்ல.

போனஸ் பூஜ்யமான வருஷத்துலயும் சிலருக்கு நல்ல தொகை வந்துச்சாமே? அது எப்படி?

நான் தள்ளிவைத்த கேள்வி இது. ஏவிசி எல்லோருக்கும் ஒரே மாதக் கணக்கு. செயல்திறன் போனஸ் அவரவர் தரமதிப்பீட்டையும் பதவிநிலையையும் பொறுத்தது, மேலே போகப் போக மொத்த வருமானத்தில் அதன் பங்கு பெரிது. ஆகவே ஏவிசியை மட்டும் நிறுத்தினால், மாறும் வருமானத்தில் கீழே இருப்பவருக்கு ஏறக்குறைய எல்லாமே போகிறது, மேலே இருப்பவருக்கு ஒரு துண்டு போகிறது.

‘எல்லோருக்கும் போனஸ் இல்லை’ என்ற அறிவிப்பைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். உங்கள் சீட்டைச் சக ஊழியரின் சீட்டோடு ஒப்பிட வேண்டாம், மனக்கசப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு நிலையிலும் ஆண்டு மொத்த வருமானம் முந்தைய ஆண்டைவிட எவ்வளவு குறைந்தது என்று உங்கள் கிளைச் செயலாளரை நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை நானும் கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் குழுவில் போடுகிறேன்.